கரும்பின் குரோமோசோமை எண்ணியவர், மதுரவாயலில் வாழ்ந்தவர்: யார் இந்த ஜானகி அம்மாள்?

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிறவங்க, ராயபுரம் பக்கம் கன்டெய்னர் வரிசையில் மாட்டிக்கிட்டு அலுத்துப் போனவங்க எல்லாருக்கும் பழக்கமான ஒரு பேர் மதுரவாயல். துறைமுகத்தில் இருந்து அங்கே போகிற பறக்கும் சாலைக்கு 2009இல் ஒரு தடவை, 2022இல் இன்னொரு தடவை அடிக்கல் நாட்டினார்கள். வடசென்னைக்காரர்களுக்கு மதுரவாயல்னா அந்த ரோடுதான்.

அதே மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைக்கு ஒரு கள ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கேயே தங்கி, அங்கேயே வேலை பார்த்து, 1984 பிப்ரவரி 7ஆம் தேதி 86 வயதில் மறைந்தார் ஒரு பெண் விஞ்ஞானி. லண்டனில் குண்டு விழும்போதும் மைக்ராஸ்கோப்பை விடாதவர். நேரு இந்தியாவுக்குத் திரும்ப அழைத்தவர். இங்கிலாந்தில் ஒரு பூமரத்துக்கே பெயர் தந்தவர். இ.கே.ஜானகி அம்மாள்.

அவர் யார், என்ன செய்தார், அவரைப் பற்றி இணையத்தில் சுற்றும் தகவல்களில் எது சரி, எது தப்பு? பார்க்கலாம்.

தலச்சேரியில் இருந்து மெரினாவுக்கு

1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். இன்று கேரளா, அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். அப்பா இ.கே.கிருஷ்ணன், சப்-ஜட்ஜ். மனுஷருக்குப் பறவைகள் மேல் பைத்தியம், வீட்டுத் தோட்டத்தின் மேல் அதைவிடப் பைத்தியம். இரண்டு மனைவிகள் வழியாக மொத்தம் 19 பிள்ளைகள் இருந்த வீடு அது. ஜானகிக்கு செடிகொடி மேல் வந்த ஆசை அப்பாவிடம் இருந்து வந்தது.

குடும்பம் வசதியானது, படித்தது. ஆனால் தீயர் சமூகம். அந்தக் காலத்து சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்த சமூகம். இதை ஞாபகத்தில் வையுங்கள், கோயம்புத்தூர் கதையில் திரும்ப வரும்.

தலச்சேரியில் பள்ளிப்படிப்பு முடிந்ததும் சென்னை வந்தார். முதலில் ராணி மேரி கல்லூரி, அடுத்து மாநிலக் கல்லூரி. இரண்டுமே கடற்கரை ரோட்டில்தான். 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம். பிறகு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை. வீட்டில் முறைமாப்பிள்ளை ஒருவரைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்து ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைத்தது. கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. கடைசி வரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

அமெரிக்காவில் இறங்கியபோது குடியேற்ற அதிகாரிகள் அவரை எல்லிஸ் தீவில் நிறுத்தி வைத்தார்கள் என்றும், பட்டுச்சேலையைப் பார்த்து இந்திய இளவரசி என்று நினைத்து விட்டுவிட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. இளவரசியா என்று கேட்டதற்கு அவர் இல்லைன்னு சொல்லலையாம்!

மிச்சிகனில் முதுகலைப் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பி மறுபடியும் பாடம் நடத்தினார். மறுபடி கிளம்பிப் போய் 1931இல் டி.எஸ்சி பட்டம் பெற்றார். தாவரவியலில் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் அவர். அங்கே அவர் உருவாக்கிய ஒரு கலப்பினக் கத்தரிக்காய்க்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

குரோமோசோம் எண்றதுன்னா என்ன?

ஜானகி அம்மாளின் துறைக்குப் பெயர் செல் மரபியல். எளிமையாகச் சொன்னால், ஒரு உயிரின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மரபுத் தகவல் மூட்டை மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மூட்டைதான் குரோமோசோம். எந்தச் செடிக்கு எத்தனை மூட்டை, அவை என்ன வடிவம், இரண்டு செடிகளைக் கலந்தால் அந்த மூட்டைகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகுமா, போகாதா? இதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

சொல்வது சுலபம். செடியின் வேர்நுனியை வெட்டி எடுக்கணும். அங்கேதான் செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும். அதை ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டு அப்படியே உறைய வைத்த மாதிரி நிறுத்தணும். சாயம் ஏற்றணும். கண்ணாடித் தகட்டில் வைத்து மெல்ல நசுக்கணும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நூற்றுக்கணக்கான செல்களில் ஏதோ சிலதில் மட்டும் குரோமோசோம்கள் எண்ணக்கூடிய மாதிரி பிரிந்து கிடக்கும். மீதி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கண் வலிக்க வலிக்க எண்ணி, கையால் வரைந்து வைக்கணும். கம்ப்யூட்டர் இல்லாத காலம்.

இது எவ்வளவு சிக்கலான வேலைன்னு புரிய ஒரே ஒரு தகவல் போதும். மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் 1956 வரைக்கும் உலகம் முழுக்க 48 என்றே பாடப்புத்தகத்தில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் தப்பாகவே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கரும்போ 46ஓடு நிற்கிற ஆள் இல்லை. இனிப்பான ரகக் கரும்புக்கு 80. காட்டு உறவினரான நாணலுக்கு இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை. இரண்டையும் கலந்து வந்த இன்றைய ரகங்களுக்கு 100க்கு மேல்.

கோயம்புத்தூர்: இனிப்பும் கசப்பும்

திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டு வருஷம் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார்.

இங்கே கொஞ்சம் நிற்கணும். ஏன்னா ஜானகி அம்மாள் பற்றி அதிகமாகப் பரவும் தகவலே இதுதான்: இந்தியக் கரும்புக்கு இனிப்பு கொடுத்தவர் அவர் என்று. முழுசா சரி இல்லை.

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தியா வெள்ளைச் சர்க்கரையை ஜாவாவில் இருந்து கப்பல் கப்பலாக இறக்குமதி செய்த நாடு. நம் ஊர்க் கரும்பு மெலிசு, சாறு குறைவு. தென்பசிபிக் பக்கத்து இனிப்புக் கரும்பு தடிமன், ஆனால் வட இந்தியக் குளிரையும் நோயையும் தாங்காது. இதற்குத் தீர்வு காணத்தான் 1912இல் கோயம்புத்தூரில் நிலையம் தொடங்கினார்கள். ஏன் கோயம்புத்தூர்? அந்தத் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூக்கும். பூத்தால்தானே கலப்பினம் செய்ய முடியும்!

அங்கே பார்பர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் டி.எஸ்.வெங்கட்ராமனும் சேர்ந்து, இனிப்புக் கரும்பையும் நாணலையும் கலந்து கோ 205 என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள். இனிப்பு ஒரு பக்கம், நாணலின் முரட்டு உடம்பு இன்னொரு பக்கம். வருஷம் 1918. அப்போது ஜானகி அம்மாள் சென்னையில் காலேஜ் ஸ்டூடண்ட்.

அப்போ அவர் என்ன செய்தார்? அந்தக் கலப்பு ஏன் வேலை செய்கிறது என்பதை மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர் அவர். நாட்டின் பல பகுதிகளில் இருந்து வந்த நாணல் வகைகளின் குரோமோசோம்களை எண்ணினார். எந்த எண்ணிக்கை எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்த்தார். நாணலின் தாயகம் இந்தியா என்ற கருத்துக்கு அந்த எண்ணிக்கைகள் வலு சேர்த்தன. எந்தக் கலப்பு எடுபடும், எது மலடாகிப் போகும் என்று கணிக்க இந்த மாதிரி வேலைதான் அடிப்படை. கரும்பை அதன் தூரத்து உறவுகளோடும் கலந்து பார்த்தார்: சோளம், தர்ப்பை வகைப் புல், ஏன், மக்காச்சோளத்தோடுகூட. கரும்பும் மக்காச்சோளமும் கலந்த செடி அந்தக் காலத்தில் உலக ஆய்விதழ்களில் வந்த செய்தி. அது வயலுக்கு வந்த ரகம் இல்லை. ஆனால் புல் குடும்பத்தில் யாருக்கு யார் எவ்வளவு நெருங்கின சொந்தம் என்று காட்டிய பரிசோதனை.

1935இல், சி.வி.ராமன் ஆரம்பித்த இந்திய அறிவியல் கழகத்தில் ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியில் இவ்வளவு மரியாதை. உள்ளே? கல்யாணம் ஆகாத பெண், அதுவும் கீழே வைக்கப்பட்ட சாதியில் இருந்து வந்தவர், ஆண்கள் மட்டுமே நிறைந்த ஆய்வு நிலையத்தில் வேலை. சக ஊழியர்களோடு சரிவரவே இல்லை என்று அவரது வாழ்க்கையை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இனிப்பைப் பற்றி ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் அவருக்குக் கிடைத்தது அதுதான்.

போனது மாநாட்டுக்கு, மாட்டிக்கொண்டது போரில்

1939இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சர்வதேச மரபியல் மாநாடு. ஜானகி அம்மாள் கிளம்பிப் போனார். அந்த நேரத்தில் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. திரும்பி வரவில்லை. அடுத்த சில வருஷங்களுக்கு இங்கிலாந்துதான் ஊர்.

லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் உதவி செல்லியலாளர் வேலை. தலைமையில் சி.டி.டார்லிங்டன், அன்றைய குரோமோசோம் ஆராய்ச்சியில் பெரிய பெயர். ராத்திரி ஜெர்மன் விமானங்கள் குண்டு போடும். ஜானகி அம்மாள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார். விடிந்ததும் ஆய்வுக்கூடத்தில் உடைந்து கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வார். இதைப் பிறகு நண்பர்களிடம் அவர் சாதாரணமாகச் சொல்வாராம்.

அந்த வேலையின் விளைவாக 1945இல் டார்லிங்டனும் அவரும் சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். மனிதன் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் கணக்கைத் தொகுத்த நூல் அது. நெல், கோதுமை, பழமரம், பூச்செடி என்று எதை எடுத்தாலும் அதன் எண்ணிக்கை, பூர்வீகம் எல்லாம் ஒரே இடத்தில். செடி வளர்ப்பு ஆராய்ச்சியாளர்களுக்குப் பல வருஷம் கைப்புத்தகமாக இருந்தது. அட்டையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

அடுத்த வேலை விஸ்லியில், அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில். சம்பளத்துக்கு அங்கே அமர்த்தப்பட்ட முதல் பெண் விஞ்ஞானி அவர் என்று சொல்கிறார்கள். இந்தியாவில் இருந்து ஒரு அணில்குட்டியைக்கூட யாருக்கும் தெரியாமல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வளர்த்தாராம். பேர் கபோக்.

செங்காந்தளும் மக்னோலியாவும்

விஸ்லியில் அவர் கையில் எடுத்த பொருள் கோல்கிசின். நமக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் இது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிற அதே வேதிப்பொருள்தான். மூலனூர் பக்கம் விவசாயிகள் இன்றும் செங்காந்தள் பயிரிட்டு விதையை ஏற்றுமதிக்கு விற்பது இதற்காகத்தான். சாப்பிட்டால் கொடிய விஷம்.

கோல்கிசின் செய்வது இதுதான். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும். பிறகு ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொண்டு இரண்டு செல் ஆகும். அந்த இழுக்கும் கயிறு உருவாகாமல் கோல்கிசின் தடுத்துவிடும். பங்கு பிரிக்க முடியாமல் இரட்டிப்புச் சொத்தும் ஒரே செல்லில் தங்கிவிடும். அப்படி வளரும் செடிக்குப் பன்மடியம் என்று பெயர். இலை தடிக்கும், பூ பெரிதாகும். சில சமயம் மலட்டுக் கலப்பினம்கூட விதை தர ஆரம்பிக்கும். 1937இல்தான் இந்த வித்தை செடிகளில் பெரிய அளவில் தெரியவந்தது.

மக்னோலியா மர நாற்றுகளில் ஜானகி அம்மாள் இதைப் பரிசோதித்தார். அப்படி வளர்ந்த மரங்கள் விஸ்லியில் இன்றும் வசந்த காலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கின்றன. அதில் ஒரு ரகத்துக்கு அவருடைய பெயர்.

இது எல்லாம் டிஎன்ஏ வடிவம் கண்டுபிடிக்கப்பட்ட 1953க்கு முன்னால் நடந்தது. ஒரு ஜீன் எப்போது ஆன் ஆகும், எப்போது ஆஃப் ஆகும் என்ற ஸ்விட்ச் விவகாரத்தை பிரான்சின் ஜாக்கோப்பும் மோனோவும் விளக்கியது 1961இல்தான். ஜானகி அம்மாள் தலைமுறை ஜீனைப் பார்க்கவே இல்லை. மூட்டையை மட்டும் பார்த்தது. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி இன்றும் தீரவில்லை. கரும்பில் ஒரே ஜீனுக்குப் பல பிரதிகள். எந்தப் பிரதி பேசுகிறது, எது வாய்மூடி இருக்கிறது, சர்க்கரை சேர்வதை எது தீர்மானிக்கிறது? இந்தப் பிரதிச் சிக்கல் காரணமாகத்தான், மனித மரபணு வரைபடம் 2003இலேயே முடிந்தாலும், இன்றைய கலப்பினக் கரும்பு ஒன்றின் தெளிவான வரைபடம் 2024இல்தான் வந்தது.

நேரு அழைத்தார், காடு எரிந்துகொண்டிருந்தது

1951இல் பிரதமர் நேருவின் அழைப்பில் இந்தியா திரும்பினார். வேலை: இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைப்பது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே பறித்த செடியெல்லாம் காய வைத்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. நம் செடியைப் பற்றி ஆராய நாமே கப்பல் ஏறணும். இதை மாற்றணும், இந்தியச் செடியை இந்திய மண்ணிலேயே வைத்துப் படிக்கணும் என்பது அவர் வாதம். 1954இல் ஆய்வகம் மறுசீரமைக்கப்பட்டது. மண்டல மையங்கள் வந்தன. தெற்குக்கான மையம் 1955இல் கோயம்புத்தூரில் அமைந்தது.

இதற்காக ஊர் ஊராகச் சுற்றியபோது அவர் பார்த்தது வேறு ஒன்று. உணவுப் பற்றாக்குறை காலம். அதிகம் விளைவிப்போம் என்ற அரசுப் பிரசாரத்தில் காட்டை அழித்து நிலமாக்கிக்கொண்டிருந்தார்கள். ஷில்லாங்கில் இருந்து 37 மைல் தாண்டி, அந்தப் பகுதியில் இருந்த ஒரே ஒரு அரிய மக்னோலியா மரத்தைத் தேடிப் போனார். போய்ப் பார்த்தால் மரம் எரிந்து கிடந்தது. டார்லிங்டனுக்குக் கடிதத்தில் இதை எழுதினார்.

விளைச்சலைக் கூட்டுவதற்காகவே ஆராய்ச்சி செய்த ஒருவர், விளைச்சலின் பெயரால் என்ன அழிகிறது என்று கேட்க ஆரம்பித்தது இந்தக் காலத்தில்தான். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மனிதன் பூமியை எப்படி மாற்றினான் என்று ஒரு பெரிய கருத்தரங்கு. அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். பழங்குடிகளும் சிறு விவசாயிகளும் செடிகளைப் பேணி வந்த முறை பற்றி அங்கே பேசினார்.

இமயமலைச் செடிகளிலும் கை வைத்தார். குளிரும் ஈரமும் உள்ள வடகிழக்கில் பன்மடியச் செடிகள் அதிகம், குளிர்ந்தாலும் வறண்ட வடமேற்கில் குறைவு என்று கண்டார். சீன, மலாய்ப் பகுதித் தாவரங்கள் வடகிழக்கில் நம் தாவரங்களோடு சந்தித்துக் கலப்பதும் அதற்குக் காரணம் என்றார்.

அலகாபாத், ஜம்மு, கொஞ்ச நாள் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் என்று பணிகள் தொடர்ந்தன. 1970 நவம்பரில் சென்னை வந்து, பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானியாகச் சேர்ந்தார்.

80 வயதில் ஒரு போராட்டம்

மதுரவாயல் அப்போது ஊருக்கு வெளியே. மருத்துவச் செடிகள், பழங்குடிகளின் தாவர அறிவு, இவைதான் அவரது கடைசிக்கால ஆய்வு. உயரமான உருவம், தளர்வாக முடிந்த கொண்டை, பளிச்சென்ற மஞ்சள் பட்டு, அதே நிறத்தில் நீளமான ரவிக்கை. பார்த்தவர்கள் மறக்கவில்லை.

ஓய்வு எடுக்க வேண்டிய வயதில்தான் அமைதிப் பள்ளத்தாக்கு விவகாரம் வந்தது. பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கக் கேரள மின்வாரியம் திட்டமிட்டது. அணை வந்தால் சிங்கவால் குரங்கு வாழும் பசுமை மாறாக் காடு தண்ணீருக்குள் போய்விடும். மின்சாரமா, காடா? எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் கழிமுகத்தையும் சாம்பல் குளத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விவாதத்தைப் புதுசா விளக்க வேண்டியதில்லை.

கவிஞர்கள் எழுதினார்கள், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் வீதியில் இறங்கியது. ஜானகி அம்மாள் தனக்குத் தெரிந்த ஆயுதத்தையே எடுத்தார். மூழ்கப்போகிற காட்டின் மரங்களுக்குக் குரோமோசோம் கணக்கெடுப்பு. அழிவதற்கு முன்னால் அங்கே என்ன இருக்கிறது என்று பதிவாவது செய்துவிடணும் என்று டார்லிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருந்தார். வெறுமனே மரத்தைக் காப்பாத்துங்க என்று சொல்வதற்கும், இந்த மரத்துக்குள் இந்த மரபு இருக்கு, இது போனால் திரும்ப வராது என்று எண்ணிக்காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

1983இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த பிப்ரவரியில் ஜானகி அம்மாள் மறைந்தார். அதே 1984இன் நவம்பர் 15 அன்று அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைப் பார்க்க அவர் இல்லை.

பத்மஸ்ரீ எந்த வருஷம்?

சில தளங்களில் 1957 என்று இருக்கும். சரியான வருஷம் 1977. 1957இல் கிடைத்தது இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் ஃபெலோ பதவி. அதற்கு முந்தைய வருஷம் மிச்சிகன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தாவர, விலங்கு வகைப்பாட்டியலுக்குக் கொடுக்கும் தேசிய விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. ஜம்முவில் உள்ள உலர்தாவரச் சேகரிப்புக்கும் அவர் பெயர். 2019இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்டறியப்பட்ட ஒரு பல்லி இனத்துக்கும் அவர் பெயரை வைத்தார்கள். கொடைக்கானலில் ரோஜா வளர்ப்பில் உலகப் புகழ் பெற்ற வீரராகவன், கிரிஜா தம்பதி தாங்கள் உருவாக்கிய ஒரு கலப்பின ரோஜாவுக்கு ஜானகி அம்மாள் என்று பெயரிட்டார்கள். அவர் விரும்பி உடுத்திய சேலையின் நிறம்தான் அந்த ரோஜாவுக்கும். மஞ்சள்.